கேஎல்லை (கோலாலம்பூரை) விட்டுப் போக மனுப் போட்ட பிறகு, அப்பாவோடு ஒரு சனிக்கிழமை

பூச்சோங் மலர் | ஞாயிறு, இரவு 9.40

போன மாதம் இங்கே வந்து "கேஎல் எனக்குப் போதும், ஈப்போவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன்" என்று மூக்கால் அழுதவள் நான்தான். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னீர்கள். ஒருவர் ஈப்போவில் வாடகை வீடுகூடப் பார்த்துக் கொடுத்தார். நன்றி மறக்கவில்லை. மனு இன்னும் மேலதிகாரி மேசையில்தான் கிடக்கிறது. ஆனால் நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பதினேழு வருஷமாக இங்கே இருக்கிறேன். என் கேஎல் என்றால் நெடுஞ்சாலை, டோல், முன்னால் போகிற லாரியின் பின்பக்கம். மழை வந்தால் வீடு போய்ச் சேர இரண்டு மணி நேரம். சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு பேரங்காடி. மகனுக்குப் பன்னிரண்டு வயது. மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசலைக் கார் கண்ணாடி வழியாகக் கடந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அப்பா பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கண் பார்க்க வந்திருந்தார். வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டார்கள், கண்புரை, ஆறு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். என் கார் பட்டறையில். சரி, மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ரயிலில் போய் ஊரையாவது சுற்றலாம் என்று கிளம்பினோம். அப்பா 1978-இல் இருபத்தொரு வயதில் கேஎல்லுக்கு வந்தவர். இங்கே ஈப்போ ரோட்டில் ஓர் அச்சகத்தில் ஆறு வருஷம் அச்சுக்கு ஈய எழுத்துக் கோத்தார். நான் பிறந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு பஸ் பிடித்துத் தைப்பூசத்துக்கு வருவார், அதே பஸ்ஸில் திரும்புவார். அதுவும் நின்று பல வருஷம் ஆகிறது.

காலை 6.40-க்கு பூச்சோங் ஜெயாவில் எல்ஆர்டி (நகர ரயில்) ஏறினோம். பண்டாராயாவில் இறங்கி நடந்தால் பேங்க் நெகாரா கொமியூட்டர் (புறநகர் ரயில்) நிலையம். ஒரு நிமிஷத்தில் ரயிலைத் தவறவிட்டோம், அடுத்ததற்கு அரை மணி. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்துவிட்டான். இந்த இடத்தில் நானும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுதான் நினைத்தேன்.

பத்துமலையில் 272 படி. வர்ணம் அடித்த பிறகு அப்பா இப்போதுதான் பார்க்கிறார் (2018-இல் அடித்தது). "ஐஸ் கச்சாங் மாதிரி இருக்கிறது" என்றார் (கலர் கலராகச் சிரப் ஊற்றுகிற ஐஸ்), பாராட்டா குறையா தெரியவில்லை. முட்டி வலி என்கிறவர் ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று, எண்ணிக்கை விட்டுப்போகாமல் ஏறிவிட்டார். பாதி வழியில் ஒரு குரங்கு மகனுடைய தண்ணீர் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. கடித்துக் கிழிக்கும் என்று பார்த்தால், மூடியைத் திருகித் திறந்து, தலையை அண்ணாந்து குடித்தது. குடித்துவிட்டு மூடியைக் கீழே போட்டது. அன்றைக்கு மகன் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

அங்கிருந்து அதே கொமியூட்டரில் நேராக கேஎல் சென்ட்ரல், அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ். ஜாலான் துன் சம்பந்தன் (அந்தக் காலத்து அமைச்சர் பெயரில் உள்ள தெரு) பெயர்ப்பலகையைப் பார்த்து அப்பா "நம்ம ஊர்க்காரர்" என்று மகனிடம் பெருமையடித்தார். சுங்கை சிப்புட்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வாழை இலைச் சாப்பாடு முடிந்து வெளியே நடக்கும்போது ஒரு நகைக்கடைக் கண்ணாடியில் எதிர்க்கடைப் பலகை இடம் வலம் மாறித் தெரிந்தது. மகன் தமிழ்ப்பள்ளிதான், ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தான். அப்பா நடக்கிற நடையிலேயே, நிற்காமல், முழுப் பலகையையும் வாசித்துவிட்டார். கடைப் பெயர், "சேலைகள் மொத்த விலைக்கும் கிடைக்கும்", எல்லாம்.

"எப்படி தாத்தா?"

"ஈய எழுத்து அப்படித்தான்டா இருக்கும். ஆறு வருஷம் நான் நேரான தமிழைப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைதான்."

கண்புரை என்று நேற்று முன்தினம் டாக்டர் சொன்ன கண்! அதற்கப்புறம் நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் விளையாட்டு. ரயில் ஜன்னலில், கடைக் கண்ணாடியில், எங்கே எழுத்து திரும்பித் தெரிந்தாலும் தாத்தாவுக்குப் பரீட்சை. போன் பைக்குள் போய்விட்டது, நான் சொல்லாமலே.

பசார் செனி நிலையத்தில் இறங்கி மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு சென்ட்ரல் மார்க்கெட் நுழைந்தோம். எனக்கு அது பாத்திக் துணியும் சாவிக்கொத்தும் விற்கிற குளுகுளு கட்டடம். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் காலத்தில் அது ஈரச் சந்தை, எண்பதுகளின் நடுவில்தான் கைவினைக் கடைகள் வந்தன. "இங்கே மீன். அங்கே கோழி. தரை எப்போதும் ஈரம், சிலிப்பர் வழுக்கும். சாயங்காலம் மிச்ச மீனை மலிவாகத் தள்ளிவிடுவான், அதற்காகவே வேலை முடிந்து ஓடி வருவோம்." மீன் விற்ற இடம் என்று அவர் காட்டிய மூலையில் ஒரு பெண் வாசனைச் சோப்பு விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

மஸ்ஜிட் ஜாமேக், இரண்டு ஆறும் கலக்கிற இடம், அதெல்லாம் பார்த்தோம். வெயில் மண்டையைப் பிளந்ததால் அங்கே அதிகம் நிற்கவில்லை. மியூசியம் என் பட்டியலில் இருந்தது, போகவில்லை. காலும் மனசு வைக்க வேண்டுமே.

மாலை கம்போங் பாரு, பழைய மலாய்க் குடியிருப்பு. பெரிய கட்டடங்களுக்கு நடுவில் பலகை வீடு, முற்றத்தில் ரம்புத்தான் மரம், சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்). அங்கிருந்து சலோமா பாலம் ஏறினால் அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரம் நிற்கிற கேஎல்சிசி. பாலத்தின் வடிவம் மலாய்க் கல்யாணத்தில் வைக்கிற வெற்றிலை அடுக்கு என்று சொன்னதும் அப்பா "அப்போ பாக்கு எங்கே?" என்று தேடினார். விளக்குப் போடுகிற நேரம். பாலம் பச்சையும் ஊதாவுமாக மாறிக்கொண்டிருக்க, பின்னால் தொழுகை அழைப்பு, முன்னால் இரட்டைக் கோபுரம்.

கேஎல்சிசி பூங்காவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினோம். இந்த இடமெல்லாம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். அப்பா சத்தத்தைக் குறைத்து, "ஒரு தடவை இங்கே ஐந்து வெள்ளி கட்டித் தோற்றேன். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே" என்றார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. சரி என்று தலையாட்டினேன்.

இரவு பத்தரைக்கு வீடு. மனுவைத் திரும்ப வாங்கப் போகிறேனா என்று கேட்காதீர்கள், தெரியவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக நான் வெறுத்தது ஊரை இல்லை, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த இருபத்தைந்து கிலோமீட்டரை என்று இப்போது தோன்றுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? அடுத்த தடவை அப்பாவை எங்கே கூட்டிப்போகலாம்?

பினாங்குப் பையன் | ஞாயிறு, இரவு 10.05

அக்கா, இவ்வளவு எழுதினீர்கள், செண்டோல் (தேங்காய்ப்பால் ஐஸ்) என்ற ஒரு வார்த்தை இல்லை. செண்டோல் சாப்பிடாத நாளெல்லாம் சுற்றுலாக் கணக்கில் வராது. அப்பாவைப் பட்டர்வொர்த் ரயிலில் ஏற்றி இங்கே அனுப்பி வையுங்கள்.

(ஈர எழுத்து, சே, ஈய எழுத்து விஷயம் அருமை. இரண்டு தடவை படித்தேன்.)

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.20

நல்லா எழுதியிருக்கீங்க, குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நாள் விருந்தாளியாகப் போனால் எந்த ஊரும் இனிக்கும். திங்கட்கிழமை காலையில் அதே டோல், அதே லாரி. பள்ளிக்கூட வேன், வீட்டு வாடகை, கார் தவணை எதுவும் சலோமா பாலத்தைப் பார்த்துக் குறையாது. நான் நாலு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு நாள் சுற்றிவிட்டு மனம் மாறி, வந்த நல்ல மாற்றலை வேண்டாம் என்றேன். இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். மனுவைக் கிழிக்காதீர்கள்.

சிவா | திங்கள், காலை 7.48

எல்ஆர்டியில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கணக்கப்பிள்ளை அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு மருந்து ஐம்பது வெள்ளி. மாதம் 50 வெள்ளி கட்டினால் எல்ஆர்டி, எம்ஆர்டி, பஸ் எல்லாம் கணக்கில்லாமல் ஏறலாம். காரை வீட்டில் போட்டுவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு என் நேரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை பேசுவது நின்றுபோச்சு. சாயங்காலம் தோன்றிய இடத்தில் இறங்கி ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டு அடுத்த ரயில். சின்ன வயசில் இளஞ்சிவப்பு பஸ் மினியில் 60 காசுக்குத் தொங்கிக்கொண்டு போனதற்கு அப்புறம் இந்த ஊர் எனக்கு இப்படித் திரும்பக் கிடைத்தது.

மலர், அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டதே, மூத்த குடிமக்கள் அட்டை எடுத்துக் கொடுத்தால் பாதிக் கட்டணம்தான்.

ரயில்வே வீட்டுப் பிள்ளை | திங்கள், மதியம் 1.15

நான் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸில், ரொசாரியோ ரோட்டு "நூறு வீடு" குவார்ட்டர்ஸில். 1905-இல் கட்டியது. அப்பா ரயில்வே, தாத்தாவும் ரயில்வே. பத்து வருஷம் முன்னால் இடித்துவிட்டார்கள்.

மலர் எழுதியதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தெருவில் போனால் கால் வேறு மாதிரி நடக்கும். வளைவும் வர்ணத் தூண்களும் 2010 வாக்கில் வந்தவை. அதற்கு முன்னால் எங்களுக்கு அது லிட்டில் இந்தியாவும் இல்லை ஒன்றும் இல்லை, வீடு. வரிசை வீட்டுப் பின்பக்கச் சந்தில் எல்லா வீட்டுச் சமையலும் மணக்கும், எந்த வீட்டில் கருவாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது அந்த இடத்தில் நின்றால் எந்த வாசனையும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஊர் ரொம்ப அழகாகத்தான் இருக்கும். இழந்தவர்களிடம் காதல் திரும்ப வந்ததா என்று கேட்டால், எது திரும்ப வர வேண்டும் என்று கேட்பார்கள்.

இதுவும் சொல்ல வேண்டும்: விவேகானந்தா ஆசிரமம் இன்னும் நிற்கிறது. 1904-இலிருந்து. 2016-இல் தேசிய பாரம்பரியமாக அறிவித்தார்கள். அங்கே மட்டும் போய்க் கொஞ்ச நேரம் எதிரில் நின்றுவிட்டு வருவேன்.

பூச்சோங் மலர் | திங்கள், மாலை 6.32

ரயில்வே வீட்டுப் பிள்ளை, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். பஸ் நிலையத்தில் நிற்கிறார், சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஆனாலும் "நூறு வீட்டில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், தீபாவளிக்கு அங்கேதான் சாப்பாடு" என்றார். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்ட்ரல் மார்க்கெட்டில் அப்பா அந்தச் சோப்பை முகர்ந்தபோது முகத்தில் இருந்தது சந்தோஷமா வேறெதுவோ என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

கணக்கப்பிள்ளை அண்ணா, இன்று காலை அதே லாரி. நம்பர்கூட ஞாபகம் இருக்கிறது. :)

வாத்தியாரம்மா | திங்கள், இரவு 8.50

மலர், உன் அப்பா 272 படி ஏறியது கொடுப்பினை. என் கணவருக்குச் சக்கர நாற்காலி. போன வருஷம் நாங்களும் ஆசையாகக் கிளம்பினோம். ஒரு நிலையத்தில் மின்தூக்கி பழுது. அடுத்த நிலையம் வரை போய்த் திரும்பி வந்தால் அங்கே நடைபாதையில் வரிசையாக மோட்டார் சைக்கிள். பார்வையற்றவர்களுக்காகப் போட்ட மஞ்சள் புள்ளித் தரை மேலேயே நிறுத்தியிருந்தார்கள். ஊர் மேல் காதல் வர வேண்டுமென்றால் முதலில் ஊர் வாசலைத் திறந்துவிட வேண்டும். இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒத்துவந்தது தாமான் தாசேக் பெர்டானா. 1888-இலிருந்து இருக்கிற பூங்கா. பாதை சமமாக இருக்கும் பக்கமாகப் பார்த்துப் போனால் ஒரு காலைப் பொழுது நிம்மதியாகப் போகும். ஏரி ஓரம் நிறுத்தினால் அவர் தூங்கிவிடுவார். நான் புத்தகம் படிப்பேன்.

உன் அப்பாவுக்கு இன்னோர் இடம்: ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம். அதற்குள்ளேயே சோமா அரங்கம், அங்கே நடக்காத தமிழ் நிகழ்ச்சி இல்லை. ஊர்க்காரர் பெருமை பேசுகிறவர் தெருப் பலகையோடு நின்றால் எப்படி?

பினாங்குப் பையன் | திங்கள், இரவு 9.02

டீச்சர் வந்தால் மட்டும் எல்லோரும் பிழையில்லாமல் எழுதுகிறோம், கவனித்தீர்களா.

செந்தூல்காரன் | செவ்வாய், காலை 6.15

நான் இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதவில்லை. மலர், ஒன்று கேட்க வேண்டும். அப்பா வேலை செய்த அச்சகம் ஈப்போ ரோட்டில் எந்தப் பக்கம்? செந்தூல் முனையா, டவுன் முனையா? தண்டாயுதபாணி கோயிலுக்கு முன்னாலா, தாண்டியா? என் பெரியப்பாவும் அந்த ரோட்டில் அச்சகத்தில்தான் இருந்தார், கை நிறைய மையோடு வீட்டுக்கு வருவார்.

இங்கே எல்லோரும் பாலம், கோபுரம், பூங்கா என்கிறீர்கள். பெரியவர் ஆறு வருஷம் இருந்த ரோட்டுக்கு அவரைக் கூட்டிப்போகவே இல்லையே?

பூச்சோங் மலர் | செவ்வாய், மதியம் 12.40

செந்தூல்காரன், உச்சந்தலையில் குட்டு வாங்கிய மாதிரி இருக்கிறது. நியாயம்தான். கேட்டேன், "அதெல்லாம் இடித்திருப்பார்கள், விடு" என்று சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது போனில் கேட்டேன். கோயிலைத் தாண்டி, செந்தூல் போகிற பக்கம், இடது கை. கீழே சீனர் ஒருவரின் சைக்கிள் கடை, மேலே அச்சகம். ஏறுகிற மரப்படி ரொம்பச் செங்குத்து. காகிதக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் ஏற முடியுமாம். ஏழாவது படியில் ஒரு பலகை பாதி உடைந்திருக்கும், புதிதாக வருகிற பையன்களிடம் யாரும் சொல்ல மாட்டார்களாம், அவர்களாகவே விழுந்து தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

கணக்கப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.30

இந்த மாதிரி விஷயம் ஈப்போவில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனு பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது.

நெறியாளர் | செவ்வாய், மாலை 4.00

வாடகை வீடு விளம்பரங்களை இந்த இழையில் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றபடி தொடருங்கள்.

செந்தூல்காரன் | வியாழன், இரவு 10.25

வேலை முடிந்து இன்று போய்ப் பார்த்தேன். இடது பக்கம், கோயில் தாண்டி, பழைய கடைவீட்டு வரிசையில் கொஞ்சம் மட்டும் மிச்சம். அவற்றில் ஒன்றில் கீழே டயர் கடை. ஓரத்தில் குறுகலாக ஒரு மரப்படி, கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. மேலே ஜன்னல் அடைத்திருக்கிறது. டயர் கடைக்காரர் தன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்ததாகச் சொன்னார். அச்சகம் இருந்ததா என்று கேட்டேன், "தமிழ்க்காரர்கள், மெஷின் சத்தம், மத்தியானம் தூங்க முடியாது" என்றார்.

கம்பி வழியாகப் போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். ஏழாவது படியில் பலகை புதிது. அதற்கு மேலே உள்ளவை எல்லாம் பழையவை.

சாவி அவரிடம் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் திறந்துவிடுகிறேன் என்றார்.

பூச்சோங் மலர் | வியாழன், இரவு 11.10

அப்பா தூங்கிவிட்டார். காலையில் சொல்கிறேன். எனக்குக் கை நடுங்குகிறது.

அடுத்த கண் பரிசோதனை இன்னும் ஐந்து வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, மறுநாள் சனி. பூச்சோங் ஜெயாவிலிருந்து செந்தூலுக்கு மாறாமல் ஒரே ரயில், இப்போதுதான் வரைபடத்தில் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே ரயில்.

செந்தூல்காரன் | வெள்ளி, காலை 6.05

அந்தச் சனிக்கிழமை 9 மணி, செந்தூல் எல்ஆர்டி கீழே நிற்கிறேன். பசியாறாமல் வாருங்கள், தோசைக்கு நான் பொறுப்பு. பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, காது மந்தம், ஆனால் வருகிறேன் என்கிறார். அப்பா பெயரைச் சொன்னேன். நெட்டையா குட்டையா என்று கேட்கிறார்.